காலில் குத்திய முள் தலைக்கு எப்படித் தெரிகிறது?

இதைப் படிக்கும் இந்த நிமிஷம் உங்கள் இடது கால் பெருவிரல் எங்கே இருக்கிறது? குனிந்து பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். தரையில் பதிந்திருக்கிறதா, செருப்புக்குள் இருக்கிறதா, இன்னொரு காலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா... எல்லாம் தெரியும். ஆனால், நான் கேட்பதற்கு முன்னால் அந்த விரலை நினைத்தீர்களா? இல்லை. செய்தி என்னவோ விடாமல் வந்துகொண்டேதான் இருந்தது. மூளைதான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒதுக்கி வைத்திருந்தது.

சரி, அந்த விரலில் ஒரு சின்ன முள் குத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆ!' என்கிறீர்கள். வலித்தது எங்கே? "இதென்ன கேள்வி, விரலில்தான்!" என்பீர்கள். உண்மையில் வலியை உணர்ந்தது தலை. விரல் செய்ததெல்லாம் தந்தி அடித்தது மட்டும்தான். அந்தத் தந்தி எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால், வீட்டில் யாராவது "கை மரத்துப் போகுது", "மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது கோளாறு எந்த இடத்தில் என்று ஓரளவுக்கு உங்களுக்கே புரியும். தந்தியே வராமல் போனால் எவ்வளவு பெரிய ஆபத்து என்பதும் புரியும்.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பேச்சு வழக்கில் ரத்தக் குழாயையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். 'நரம்பு ஊசி' போடுவது ரத்தக் குழாயில். காலில் 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பதும் ரத்தக் குழாய்தான். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதும் அதுவே. நிஜ நரம்பு வெள்ளை நூல் மாதிரி உள்ளே ஒளிந்திருக்கும். அதில் ரத்தம் ஓடாது, மின்துடிப்புதான் ஓடும். இந்தக் கட்டுரையில் நரம்பு என்றால் அந்த வெள்ளை நூல் மட்டுமே.

தோலில் ஒரு விளையாட்டு

தோலுக்குள் விதவிதமான உணர்வு முனைகள் இருக்கின்றன. மெல்லத் தொட்டால் ஒன்று விழிக்கும், அழுத்தினால் வேறொன்று, அதிர்வுக்கு இன்னொன்று. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் தனித்தனி ஆள். வலிக்கென்றே உறையில்லாத நரம்பு நுனிகள் இருக்கின்றன. ஆனால் இவை உடம்பு முழுக்கச் சமமாக இல்லை.

நம்பவில்லையா? ஒரு ஹேர்ப்பின்னை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வையுங்கள். வீட்டில் யாரையாவது கண்ணை மூடச் சொல்லி, அவர் ஆள்காட்டி விரல் நுனியில் மெல்ல வையுங்கள். "ரெண்டு முனை" என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். அதையே முதுகில் வைத்தால் "ஒண்ணுதான்" என்பார். முதுகில் இரண்டு முனைகளைப் பிரித்துச் சொல்ல ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இடைவெளி தேவைப்படும். புடவையின் நெசவைத் தடவிப் பார்த்தே தரம் சொல்கிறீர்களே, அது விரல் நுனியால்தான் முடியும். புறங்கையால் முடியாது.

ஒரே ஒரு செல், தலை வரை!

பெருவிரல் செய்தியை எடுத்துச் செல்லும் நரம்புச் செல்லைப் போல நீளமான செல் உடம்பில் வேறு கிடையாது. அதன் உடல் முதுகெலும்பை ஒட்டி ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இழை இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக இறங்கி விரல் நுனிவரை போகிறது. இன்னோர் இழை தண்டுவடத்துக்குள் நுழைந்து நேராக மேலே ஏறி, மண்டையோட்டின் அடியில் இருக்கும் முகுளத்தில் போய் நிற்கிறது. உயரமான ஒருவருக்கு மொத்தம் ஒன்றரை மீட்டர். தலைமுடியை விட மெல்லிசான ஒரே செல்! இத்தனை நீள இழைக்கும் வேண்டிய சாப்பாடு, சரக்கு எல்லாம் அந்த நடு முடிச்சிலிருந்துதான் போயாக வேண்டும். இதை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் சர்க்கரை நோய் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தண்டுவடம் என்பது முதுகெலும்புக் குழாய்க்குள் தொங்கும், சுண்டு விரல் பருமனுள்ள ஒரு கேபிள். நீளம் சுமார் 45 சென்டிமீட்டர்தான். இரு பக்கமும் 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. இடுப்புக்குச் சற்று மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால் மாதிரி தொங்குகின்றன. 'முதுகில் நீர் எடுத்தால் தண்டுவடம் குத்துப்பட்டு கால் விளங்காமல் போய்விடும்' என்று பயந்து கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டாக்டர் ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு வரும் இடம். அந்தப் பயம் வேண்டாம்.

தண்டுவடம் வெறும் கேபிள் மட்டும் இல்லை, குட்டி அதிகாரியும்கூட. சூடான தோசைக்கல்லில் கை பட்டால், வலி தெரிவதற்கு முன்பே கையை இழுத்துக்கொள்கிறோம். மூளைக்குப் போய் உத்தரவு வாங்கி வரும் வரை காத்திருந்தால் தோல் வெந்துவிடும் என்று, தண்டுவடமே உத்தரவு போட்டுவிடுகிறது. மேலிடத்துக்குத் தகவல் அப்புறம்தான் போகிறது.

வேகப் பாதை, நடைபாதை

நிலைப்படியில் கால் விரலை இடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இடித்தது உடனே தெரியும். சுருக்கென்று ஒரு வலி. 'அவ்வளவுதானா' என்று நினைத்து முடிப்பதற்குள், ஒன்றிரண்டு விநாடி கழித்து, உயிர் போகிற மாதிரி இன்னொரு வலி வந்து சேரும். ஏன் இந்தத் தாமதம்?

தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் பருமனானவை. கரண்ட் வயருக்கு இருப்பது போல மையலின் என்ற கொழுப்பு உறை அவற்றுக்கு உண்டு. செய்தி விநாடிக்கு 50 மீட்டருக்கும் மேல் பறக்கும். சுருக்கென்ற முதல் வலி மெல்லிய உறையுள்ள இழையில் வருகிறது. வேகம் விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர். பின்னால் வரும் எரிச்சல் வலிக்கோ உறையே இல்லாத, மிக மெல்லிய இழை. விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான், அதாவது நாம் நடக்கிற வேகம்! விரலிலிருந்து தலை வரை வலி நடந்தே வருகிறது.

இடித்துக்கொண்ட குழந்தையின் காலை அம்மா தேய்த்துவிடுகிறாளே, அது வெறும் ஆறுதலுக்கு இல்லை. தேய்க்கும்போது தொடு உணர்ச்சிச் செய்திகள் வேகமாகப் போய்த் தண்டுவடத்தின் வாசலை அடைத்துக்கொள்கின்றன. மெதுவாக வரும் வலிக்கு உள்ளே போக வழி குறைகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1965-ல் இந்த 'வாசல் கதவு' விளக்கத்தைச் சொன்னார்கள். அதன் சில விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும், அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. நம் பாட்டிமார்கள் விளக்கம் கேட்காமலே தேய்த்துவிட்டார்கள்!

தண்டுவடத்துக்குள்ளும் இரண்டு தனிப்பாதைகள். வலியும் சூடும் நுழைந்த சற்று நேரத்தில் எதிர்ப் பக்கத்துக்குத் தாண்டி மேலே போகின்றன. நுட்பமான தொடுதல், அதிர்வு, 'என் கால் எங்கே இருக்கிறது' என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதே பக்கமாக ஏறி, முகுளத்தில்தான் மாறுகின்றன. ஆக, இடது கால் சமாசாரம் எல்லாம் கடைசியில் வலது மூளைக்கே போய்ச் சேர்கிறது. பாதைகள் தனி என்பதால்தான், சில நோய்களில் ஒருவருக்கு ஊசி குத்தினால் நன்றாக வலிக்கும், ஆனால் கண்ணை மூடினால் நிற்க முடியாது.

இதற்கு வீட்டிலேயே ஓர் அடையாளம் உண்டு. வாஷ் பேசின் முன்னால் நின்று, முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறார்களா, பாருங்கள். கண் திறந்திருக்கும்வரை பார்வை சமாளித்துக்கொடுக்கும். மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். வைட்டமின் பி12 குறைவில் இப்படி வரலாம். பால், தயிர்கூட அதிகம் சேர்த்துக்கொள்ளாத சைவச் சாப்பாட்டுக்காரர்கள், வயதானவர்கள், வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியோ மாத்திரையோ உண்டு. தாமதித்தால் முழுசாகத் திரும்பாது. அதற்காக 'நரம்புச் சத்து மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கவும் கூடாது. பி6 வைட்டமின் அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும்.

மூளைக்குள் ஒரு கோணல் மனிதன்

முகுளத்துக்கு மேலே மூளைத்தண்டு, பின்னால் சிறுமூளை, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு சுருக்கம் சுருக்கமாகப் பெருமூளை. மொத்த எடை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம். உடம்பு எடையில் 2 சதவிகிதம்தான், ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் 20 சதவிகிதத்தை இதுவே தின்றுவிடுகிறது. நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி.

நடுவில் ஜோடியாக, பெரிய நெல்லிக்காய் அளவில் தலாமஸ் இருக்கிறது. அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி. பார்வை, கேள்வி, தொடுதல், சுவை எல்லாம் இங்கே வந்து, பிரிக்கப்பட்டு, அவரவர் இலாகாவுக்குப் போகும். பார்வைக்குப் பிடரிப் பக்கம் (பின்மண்டையில் அடிபட்டால் கண்ணில் பூச்சி பறக்கிறதே!), சத்தத்துக்குக் காதுக்குச் சற்று மேலே பொட்டுப் பக்கம். வாசனை மட்டும் எக்ஸ்சேஞ்சுக்குப் போகாமல், நினைவும் உணர்ச்சியும் உட்கார்ந்திருக்கும் பகுதிகளுக்கு நேராகவே போய்விடும். ஒரு மல்லிகைப்பூ வாசம் சட்டென்று முப்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்தைக் கண்முன் கொண்டுவர இதுவும் ஒரு காரணம்.

தொடு உணர்ச்சியின் இலாகா எங்கே? காதிலிருந்து காதுக்கு ஹேர்பேண்ட் மாட்டினால் அது உட்காரும் இடத்துக்கு நேர் அடியில், ஒரு பட்டை மாதிரி. கனடாவில் மாண்ட்ரியல் நகரத்து நரம்பு அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் இதைத்தான் படம் போட்டுக் காட்டினார். மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவது அதன் மேலுறைக்கும் ரத்தக் குழாய்களுக்கும்தான். அதனால் நோயாளி விழித்திருக்கும்போதே மண்டையைத் திறந்து, மூளையின் ஒவ்வோர் இடத்திலும் மெல்லிய மின்சாரம் தொட்டு, "இப்போ எங்கே தெரியுது?" என்று கேட்டார். "கட்டை விரலில்", "உதட்டில்" என்று பதில் வந்தது. 1937-ல் அந்த வரைபடம் வெளியானது. அதில் உதடும் விரல்களும் பூதாகாரம், முதுகும் தொடையும் சுண்டைக்காய். ஹேர்ப்பின் விளையாட்டின் ரகசியம் இதுதான்.

இன்னொரு வேடிக்கை, படத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குப் போன டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன், கையை இழந்த ஒருவரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்ததை 1990-களில் விளக்கினார். கை போனாலும் மூளையில் கையின் வீடு காலியாவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே நுழைந்துவிடுகிறார்.

இருதயத்துக்கு இந்தப் படத்தில் தனி முகவரி கிடையாது. அதன் நரம்புகள் இடது கை, மார்பு நரம்புகள் வரும் அதே தண்டுவடப் படிகளில் வந்து சேர்வதால், மூளை முகவரியை மாற்றிப் படித்துவிடுகிறது. ஹார்ட் அட்டாக்கில் இடது கையும் தாடையும் வலிப்பது இதனால்தான். அதை 'வாயுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உயிருக்கு உலை.

வலி இல்லாதது வரமா?

நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துகொண்டே போகின்றன என்ற கேள்வி அவரைக் குடைந்தது. நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்துக் கண்டது வேறு. நோய் நரம்பைக் கொன்று வலியைப் பறித்துவிடுகிறது. அப்புறம் நடப்பதெல்லாம் காயம்தான். அடுப்பில் கை சுட்டாலும் தெரியாது, ஆணி ஏறிய காலோடு நடந்தாலும் தெரியாது. தூங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் விழிப்பு வராது. எலியைக் கண்டுபிடித்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார் என்பது அவரே எழுதிவைத்த சேதி. பிற்பாடு அமெரிக்கா போன அவர், இதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருத்திக் காட்டினார்.

அந்த நீளமான செல்லை நினைவிருக்கிறதா? பல வருடம் ரத்தத்தில் சர்க்கரை ஏறி இருந்தால், நரம்பும் அதற்குச் சாப்பாடு தரும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. சப்ளை குறையும்போது முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடிதானே? அதனால்தான் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, சாக்ஸ் போட்ட அளவுக்கு மரத்துப்போகிறது. சிலருக்கு ராத்திரியில் எரிச்சலும் எறும்பு ஊர்கிற மாதிரியும் இருக்கும். டாக்டரிடம் ஓடிவருவார்கள். எனக்குப் பயம் அவர்களைப் பற்றி இல்லை. எரிச்சலும் இல்லாமல், வலியும் இல்லாமல், "காலுக்கு ஒரு கோளாறும் இல்லை டாக்டர்" என்று சிரிக்கிறவர்களைப் பற்றித்தான்.

"என்னங்க, ஹால் பூரா ரத்தம்!" என்று மனைவி பதறுவார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே..." என்று கணவர் காலைத் திருப்பிப் பார்ப்பார். உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு! செருப்பு நழுவியதே தெரியாமல் நடப்பவர்கள், உச்சிவெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்ப்பவர்கள், குளிருக்கு வெந்நீர்ப் பை வைத்துப் பாதத்தை வேகவைத்துக்கொள்பவர்கள்... நம் ஊரில் இவையெல்லாம் அபூர்வமே இல்லை. புண் ஆறாமல், கடைசியில் விரலை எடுக்கும் நிலைக்குப் போகிறது.

சர்க்கரை உள்ளவர் வீட்டில் என்ன செய்யலாம்? தினமும் ராத்திரி பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்க்கலாம். விரல் இடுக்கை விடாதீர்கள். செருப்பு மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு (மென்மையான எம்.சி.ஆர். வகை நல்லது). வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு யாராவது பார்க்கட்டும். காலாணியை பிளேடால் சீவுவது வேண்டவே வேண்டாம். கோயிலில் வெறுங்காலோடு சுற்ற வேண்டும் என்றால் காலை எட்டு மணிக்குள் போய்வாருங்கள், கற்கள் சூடாவதற்கு முன்னால். சாமி கோபித்துக்கொள்ளாது!

மற்றபடி, மரத்துப்போகும் இடமே கோளாறின் முகவரி. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் ராத்திரியில் மரத்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு குறைந்தவர்களுக்கும் இது சகஜம். சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் என்றால் முழங்கை. மேஜையில் முழங்கையை ஊன்றியே வேலை பார்க்கிறவரா, கேளுங்கள். தொடையின் வெளிப்பக்கம் மட்டும் என்றால் இறுக்கமான பெல்ட்டாகவும் இருக்கலாம். சம்மணம் போட்டு எழுந்ததும் கால் மரத்து, ஒரு நிமிஷத்தில் சரியாவதற்குக் கவலையே வேண்டாம். தோலில் வெளிர் நிறத்தில் தேமல் போல ஒன்று வந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்த்துவிட வேண்டும். மருந்து அரசாங்கமே இலவசமாகத் தருகிறது, பூரணமாகக் குணமாகும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யோசிக்க நேரமே இல்லை. திடீரென்று உடம்பின் ஒரு பாதி, அதாவது முகம், கை, கால் மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது மூளைக்குப் போகும் ரத்தத்தில் தடை. மூளை ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு லாபம். 'கொஞ்சம் காபி குடிக்கட்டும், காலையில் பார்க்கலாம்' கூடாது. விழுங்க முடியாமல் புரையேறிவிடும். ஆஸ்பிரின் மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

கடைசியாக, சர்க்கரை உள்ள அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இன்று ராத்திரியே செய்யக்கூடிய ஒரு சோதனை. இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து டாக்டர்கள் உருவாக்கியது, கருவி எதுவும் வேண்டாம். அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடும்போது வலது, இடது என்று மட்டும் அவர் சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், இறகு பட்டாற்போல, இரண்டு கால்களின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என ஆறு நுனிகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை, ஒன்றிரண்டு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, சொல்லவில்லையே என்று மறுபடி தொடவும் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், காலில் புண் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அவர் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் அதிரும் இசைக்கவையாலும் இன்னும் துல்லியமாகப் பார்த்துச் சொல்வார்.